முதலில் யார் கடப்பது? கலூர் சந்திப்பும் கொச்சியின் சாலை நிதியும்

கொச்சியில் சாலை நெரிசலுக்கு மக்கள் பேச்சில் வழங்கும் சொல் 'ப்ளாக்'. "கலூரில் ப்ளாக்" என்று ஒருவர் கைபேசியில் சொன்னால் அதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. தாமதத்துக்கு அதுவே காரணம், அதுவே மன்னிப்பு. அச்சொல்லைச் சொல்பவர் பெரும்பாலும் ஒரு வண்டிக்குள் அமர்ந்திருப்பவர். பேருந்திலிருந்து இறங்கி, எதிர்ப்பக்கம் போக வழியின்றி, நகர்ந்துகொண்டே இருக்கும் வண்டிகளுக்கு நடுவே ஓர் இடைவெளி கிடைக்குமா என்று சாலையோரத்தில் நிற்பவரின் நிலையைக் குறிக்க அப்படி ஒரு சொல் மலையாளத்திலும் இல்லை, தமிழிலும் இல்லை. அவர் நிற்பது ஒரு நிகழ்வாகவே கருதப்படுவதில்லை.

கேரள அரசின் கோப்புகளில் போக்குவரத்து 'கதாகதம்' எனப்படும். சென்றது என்னும் பொருளுடைய 'கத', வந்தது என்னும் பொருளுடைய 'ஆகத' என்ற இரண்டும் சேர்ந்த வடசொல் அது. தமிழின் 'போக்குவரத்து' என்பதும் அதே கட்டமைப்புதான். இரண்டிலும் வண்டி இல்லை. போவதும் வருவதும் மட்டுமே உண்டு. ஆயினும் 'போக்குவரத்து மேம்பாடு' என்ற தலைப்பில் மாநகராட்சிக் கூட்ட அரங்கில் ஒரு விவாதம் தொடங்கிவிட்டால், அங்கே பேசப்படுவது வண்டிகளைப் பற்றி மட்டுமே. எந்தச் சந்திப்புக்கு மேம்பாலம், எந்தச் சாலைக்கு அகலம், எந்த முனைக்குச் சிக்னல், எதற்கு எங்கிருந்து பணம் என்பவையே பேச்சு. அந்த வரிசையை உண்மையில் எது தீர்மானிக்கிறது என்பதைக் கலூரில் நின்று பார்த்தால் ஓரளவு தெளிவாகத் தெரியும்.

எறணாகுளத்தின் உட்பகுதியிலிருந்து வரும் பானர்ஜி சாலையும், தெற்கே கடவந்தறாவுக்குப் போகும் சாலையும், வடக்கே பாலாரிவட்டம், இடப்பள்ளி நோக்கிய சாலையும் கூடுமிடம் கலூர். தனியார் பேருந்து நிலையம் இங்கு உண்டு. புனித அந்தோணியார் திருத்தலத்துக்குச் செவ்வாய்க்கிழமைதோறும் நவநாள் வழிபாட்டுக்காக வரும் கூட்டம், கலூர் மக்களுக்கு நாள்காட்டி பார்க்கத் தேவையில்லாத அளவுக்குப் பழகிப்போன ஒன்று. சற்றுத் தள்ளி ஜவகர்லால் நேரு பன்னாட்டு விளையாட்டரங்கம். கேரளா பிளாஸ்டர்ஸ் அணி தன் சொந்த மைதானமாகக் கொண்டு ஆடும் இரவுகளில் மஞ்சள் சட்டைக் கூட்டம் சாலையையே நிரப்பிவிடும். தலைக்கு மேலே 2017 அக்டோபர் 3 முதல் மெட்ரோ ஓடுகிறது. அதிகாலையில் அன்றாடக் கூலி வேலைக்காக முனையில் வந்து நிற்பவர்களும் உண்டு; ஒரு காலத்தில் அவர்களில் பெரும்பகுதியினர் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள், பின்னர் வங்காளமும் அசாமும் ஒடிசாவும் அந்த இடத்தை நிரப்பின.

இத்தனை வகை மனிதர் கூடும் ஓரிடத்துக்கு உரிமையாளர் யார் என்று கேட்டால் ஒரே விடை கிடைக்காது. ஊரார் ஜி.சி.டி.ஏ. என்று சொல்லும் பெருங்கொச்சி வளர்ச்சி ஆணையத்துக்கு விளையாட்டரங்கம் சொந்தம். கலூர்–கடவந்தறா சாலையும் அதன் பொறுப்பில் வந்ததுதான். பெருஞ்சாலைகள் பொதுப்பணித் துறையைச் சேர்ந்தவை. உட்சாலைகளும் தெருவிளக்கும் மாநகராட்சிக்கு. தூண்களும் நிலையங்களும் கொச்சி மெட்ரோ நிறுவனத்துக்கு. சாலைக்கு அடியில் குடிநீர் வாரியத்தின் குழாய். அதற்கு அருகில் மின்வாரியத்தின் கம்பி. வண்டிகளை நிறுத்துவதும் விடுவதும் போக்குவரத்துக் காவல். ஒரு மூதாட்டி பேருந்து நிலையத்திலிருந்து கோயிலுக்கு நடந்துபோகும் சில நூறு அடிகளுக்குள் இத்தனை அலுவலகங்களின் எல்லைகளை அவரே அறியாமல் கடக்கிறார். மெட்ரோ நிலையத்தை ஒட்டி நல்ல நடைபாதை இருக்கிறது. நிலையத்தின் எல்லை முடியுமிடத்தில் அதுவும் முடிந்துவிடுகிறது.

மலையாளத்தில் சாலைச் சந்திப்புக்குக் 'கவல' என்று பெயர். பழந்தமிழில் 'கவலை' என்பதற்கும் வழி கிளைக்கும் இடம் என்றே பொருள் இருந்தது. மனக்கலக்கம் என்னும் பொருளைத் தமிழ் வைத்துக்கொண்டது, சந்திப்பு என்னும் பொருளை மலையாளம் வைத்துக்கொண்டது. கலூரில் இரண்டு பொருளும் ஒருசேர நிற்கின்றன.

நிதிக்கு வருவோம். மட்டாஞ்சேரிக்கும் வில்லிங்டன் தீவுக்கும் இடையே, தோப்பும்படியில் இரண்டு பாலங்கள் உள்ளன. பழையது துறைமுகத்தை உருவாக்கிய ராபர்ட் பிரிஸ்டோவின் காலத்தது. 2001-இல் திறக்கப்பட்ட புதிய பாலத்துக்கு ஊரார் பேச்சில் 'பி.ஓ.டி. பாலம்' என்றே பெயர். கட்டி, சில ஆண்டுகள் நடத்திச் சுங்கம் வசூலித்து, பிறகு அரசிடம் ஒப்படைக்கும் ஒப்பந்த முறையின் ஆங்கிலச் சுருக்கம் அது. 2014-இல் சுங்க வசூல் நின்றது, பெயர் நிற்கவில்லை. ஒரு பாலத்துக்கு ஆற்றின் பெயரோ ஊரின் பெயரோ தலைவரின் பெயரோ வைப்பது உலக வழக்கம். நிதி வந்த வழியின் பெயரே பாலத்தின் பெயராக நிலைத்துவிட்ட ஊர் கொச்சி. இதை வேடிக்கையாக மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. எது கட்டப்படும், எங்கே கட்டப்படும் என்பதைப் பெரும்பாலும் நிதியின் வகைதான் இந்நகரத்தில் தீர்மானித்து வந்திருக்கிறது.

2004-இல் திறக்கப்பட்ட கோசிறீ பாலங்கள் மற்றோர் எடுத்துக்காட்டு. வைப்பின் தீவு மக்கள் படகையே நம்பிப் பல தலைமுறைகள் வாழ்ந்தபின், காயலின் ஒரு பகுதியை நிரப்பி, அந்நிலத்தை விற்ற பணத்தில் அப்பாலங்கள் எழுந்தன. விற்பதற்கு நிலம் பிறந்ததால் பாலம் பிறந்தது. மெட்ரோவின் முதற்கட்டம் ஏறத்தாழ 5,180 கோடி ரூபாய் மதிப்பீட்டில், ஒன்றிய, மாநில அரசுகளின் பங்கும் பிரெஞ்சு வளர்ச்சி முகமையின் கடனும் சேர்ந்து உருவானது. வைற்றில, குண்டன்னூர் மேம்பாலங்களுக்குக் கேரள அரசின் கிப்பி நிதி; இரண்டும் 2021 சனவரி 9 அன்று திறக்கப்பட்டன. திறன்மிகு நகரத் திட்டத்தின் முதற்பட்டியலில் 2016 சனவரியிலேயே கொச்சி இடம்பெற்றது. ஆனால் அத்திட்டம் மத்திய எறணாகுளம், மேற்குக் கொச்சி என்று வரைபடத்தில் ஒரு கோடு கிழித்துக்கொண்டுதான் தொடங்கியது. கோட்டுக்கு வெளியே விழுந்த சந்திப்புகள் வேடிக்கை பார்த்தன.

இந்த நிதிகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு வடிவ விருப்பம் உண்டு. கடன் கொடுப்பவருக்குத் திருப்பிச் செலுத்தும் வழி தெரிய வேண்டும், அதனால் பயணச்சீட்டோ சுங்கமோ உள்ள திட்டம் பிடிக்கும். திட்டக் காலம் முடிவதற்குள் செலவழிக்க வேண்டிய நிதிக்கு, நில எடுப்பு இல்லாத, விரைவில் நிறைவுபெறும் பணி பிடிக்கும். மாநில அரசுக்குத் தேர்தலுக்கு முன் திறந்துவைக்கக்கூடிய ஒன்று பிடிக்கும். உடைந்த வடிகால் மூடியை மாற்றுவது இவற்றுள் எதற்கும் பிடிக்காத வேலை. அதற்குச் சுங்கம் இல்லை, நாடா வெட்டும் விழா இல்லை, முடிவும் இல்லை. இந்த ஆண்டு மாற்றினால் சில ஆண்டுகளில் மறுபடி மாற்ற வேண்டும்.

2019-ஆம் ஆண்டில் கலூருக்கு அடுத்த பாலாரிவட்டத்தில் நடந்த இரண்டு நிகழ்வுகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம். ஏறத்தாழ 39 கோடி ரூபாயில் கட்டி 2016 அக்டோபரில் திறக்கப்பட்ட மேம்பாலம், மூன்று ஆண்டுகூட நிறைவதற்குள் விரிசல் கண்டு, 2019 மே 1 அன்று மூடப்பட்டது. சென்னை ஐ.ஐ.டி. வல்லுநர்கள் ஆராய்ந்தார்கள், வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது, முன்னாள் பொதுப்பணித் துறை அமைச்சர் கைதானார். 2020 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அனுமதித்தபின், ஈ. ஸ்ரீதரனின் மேற்பார்வையில் தில்லி மெட்ரோ நிறுவனம் சில மாதங்களில் பாலத்தைப் புதுப்பித்து முடிக்க, 2021 மார்ச்சு 7 அன்று அது மீண்டும் திறக்கப்பட்டது. நாடே இதை அறியும்.

அதே பாலாரிவட்டத்தில், அதே 2019-இல், மெட்ரோ நிலையத்துக்கு அருகே குடிநீர்க் குழாய் தொடர்பாகத் தோன்றிய ஒரு குழி எட்டு மாதங்களாக மூடப்படாமல் கிடந்தது. அதன் அருகே வைக்கப்பட்டிருந்த பலகையில் இருசக்கர வண்டி மோதி, சாலையில் விழுந்த ஓர் இளைஞர் பின்னால் வந்த லாரியில் அடிபட்டு திசம்பர் மாதம் இறந்தார். குழியை மூடவேண்டியது குடிநீர் வாரியமா பொதுப்பணித் துறையா என்பதே கேள்வியாக இருந்தது. கேரள உயர்நீதிமன்ற நீதிபதி வெட்கத்தோடு அந்தக் குடும்பத்திடம் மன்னிப்புக் கேட்டார். மேம்பாலத்தைப் பற்றிய கோப்பு ஆயிரம் பக்கத்துக்கு மேல் வளர்ந்திருக்கும். அந்தக் குழியை மூடுவதற்கு ஆகியிருக்கக்கூடிய செலவோ ஒரு கவுன்சிலர் தம் வார்டு நிதியில் கண்மூடி ஒப்புதல் தரக்கூடிய தொகை. பணம் இல்லாததால் அவர் இறக்கவில்லை. பணம் இருந்த எந்தக் கணக்கிலும் அந்தக் குழி இடம்பெறவில்லை.

மாநகராட்சியைக் குறை சொல்வது எளிது. அதன் தரப்பையும் கேட்க வேண்டும். 1996-இல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கத்தின் மூலம், மாநிலத் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கி இந்தியாவுக்கே முன்மாதிரி காட்டியது கேரளம். துணை மேயரே நிதி நிலைக்குழுவின் தலைவர். ஆண்டுதோறும் வரவுசெலவுத் திட்டத்தைத் தாக்கல் செய்பவரும் அவரே. அந்தத் திட்டத்தில் சாலைகளுக்கென ஒதுக்கும் தொகை, வார்டுக்கு இவ்வளவு என்று பிரிக்கப்படும்போது, அது நியாயமாகவே தோன்றும். எழுபதுக்கு மேற்பட்ட வார்டுகளில் எந்தக் கவுன்சிலரும் தம் பங்கை விட்டுக்கொடுத்து வேறொரு வார்டுக்கு வாக்களிக்க மாட்டார். தம் வார்டு மக்கள் குடியிருக்கும் சந்துக்குக் கற்பாவு போட்டால் அதை அவர்கள் நாள்தோறும் மிதித்து நன்றி சொல்வார்கள். கலூர் போன்ற சந்திப்பைப் பயன்படுத்துபவர் பெரும்பாலும் அந்த வார்டின் வாக்காளர் இல்லை. அவர் பறவூரிலிருந்தோ ஆலுவாவிலிருந்தோ வருகிறார், இறங்குகிறார், வேறு பேருந்து ஏறிப் போகிறார். அவருக்காகப் பேசும் இருக்கை அந்த அரங்கில் இல்லை.

அதிகாரிகள் சொல்லும் வாதமும் புறந்தள்ளக்கூடியதன்று. வெளியிலிருந்து ஆயிரம் கோடி வருகிறது என்றால், நடைபாதை முடியட்டும் பிறகு வாருங்கள் என்று எந்த மேயராலும் சொல்ல முடியாது. கடனாகக் கிடைக்கும் பணத்தை நடைபாதைப் பராமரிப்புக்குத் திருப்பிவிடவும் முடியாது. அது அந்தத் திட்டத்துக்கென்றே கட்டிய மூட்டை. மெட்ரோ கலூருக்கு நன்மை செய்திருக்கிறது என்பதிலும் ஐயமில்லை. கால்பந்து ஆட்டம் முடிந்த இரவில், முன்பெல்லாம் நள்ளிரவு வரை அசையாமல் கிடந்த சாலையிலிருந்து பல்லாயிரம் பேரைத் தூண்களுக்கு மேலாக அள்ளிச் செல்வது அதுதான். 2017-இல் இளையோர் உலகக்கோப்பைக் கால்பந்துக்குக் கொச்சி தயாரானபோது, முதல் ஆட்டத்துக்கு நான்கு நாள் முன்பு மெட்ரோ கலூரைக் கடந்து மகாராஜா கல்லூரி வரை ஓடத் தொடங்கியது. நாள் குறிக்கப்பட்டால் இந்நகரம் வேலையை முடிக்கும் என்பதற்கு அது சான்று. நடைபாதைக்கு அப்படி நாள் குறிக்க எந்த உலகக்கோப்பையும் வருவதில்லை என்பதுதான் சிக்கல்.

எண்ணும் முறையிலும் ஒரு கோளாறு உண்டு. ஒரு சந்திப்புக்கு என்ன தேவை என்று முடிவுசெய்ய, பொறியாளர்கள் அங்கு செல்லும் வண்டிகளை எண்ணி, அவற்றையெல்லாம் கார் என்னும் ஒற்றை அலகுக்கு மாற்றுவார்கள். கார் ஒன்று என்றால், பேருந்து இரண்டு மூன்று கார்களுக்கு ஈடு. இருசக்கர வண்டி அரை கார் அளவு. மிதிவண்டிக்குக்கூட ஒரு பின்னம் தரப்பட்டிருக்கிறது. பேருந்துக்குள் ஐம்பது பேர் இருக்கிறார்கள் என்பது அந்த எண்ணில் தெரியாது. அது சாலையில் இடத்தை அடைக்கும் பொருளாக மட்டுமே அங்கே தோன்றும். நடப்பவருக்கோ பின்னமும் இல்லை. அந்தக் கணக்கின்படி, கலூரில் செவ்வாய்க்கிழமை ஆயிரக்கணக்கானோர் சாலையைக் கடந்தாலும் அவர்களால் ஏற்படுவது வண்டிகளுக்கான தாமதம் மட்டுமே. அந்த எண்ணிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு முன்னுரிமைப் பட்டியல் தயாரித்தால் மேம்பாலம்தான் முதலில் வரும். அதில் அதிகாரியின் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. கேள்வி கேட்கப்பட்ட விதத்திலேயே விடை இருக்கிறது. 2006-இல் ஒன்றிய அரசு வெளியிட்ட தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை, சாலையிடத்தை வண்டிகளுக்குப் பங்கிடாமல் மனிதர்களுக்குப் பங்கிட வேண்டும் என்று சொன்னது. இந்தியச் சாலைக் காங்கிரசின் 2012-ஆம் ஆண்டு வழிகாட்டுநெறி, தடையற்ற நடைபாதைக்குக் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் கேட்கிறது. ஒரு சக்கரநாற்காலியும் எதிரே வருபவரும் உரசாமல் கடக்கத் தேவையான அளவு அது. மின்மாற்றியும் விளம்பரத் தட்டியும் நிறுத்திய இருசக்கர வண்டியும் போக எவ்வளவு மிஞ்சுகிறது என்பதைக் கலூரில் ஒரு அளவுநாடா கொண்டே சோதித்துவிடலாம்.

நகராட்சியால் சிறிய, உரிய வேலையைச் செய்ய முடியாது என்பதும் உண்மையில்லை. ஃபோர்ட் கொச்சிக்கும் வைப்பினுக்கும் இடையே வண்டிகளையும் மக்களையும் ஏற்றிச் செல்லும் 'சேதுசாகர்' என்ற இரண்டு ரோ-ரோ கலங்களைக் கொச்சி மாநகராட்சியே கப்பல் கட்டுந்தளத்தில் செய்வித்து, 2018 ஏப்ரல் 28 அன்று இயக்கத்துக்குக் கொண்டுவந்தது. திறந்த கையோடு, உரிய உரிமங்கள் இல்லையென்று சேவை சில நாள் நின்றுபோனது, செய்தித்தாள்கள் சிரித்தன. பிறகு ஓடத் தொடங்கியதும், காயலைச் சுற்றிக்கொண்டு நகருக்குள் வந்து நெரிசலைக் கூட்டியிருக்கக்கூடிய வண்டிகள் சில நிமிடங்களில் அக்கரை சேர்ந்தன. ஒரு மேம்பாலத்தின் விலையில் சிறு பகுதிதான் அதன் செலவு. ஊர் எதை நாள்தோறும் கடக்கிறது என்பதைப் பார்த்து எடுத்த முடிவு அது. இதற்கு மாறாக, 2023 ஏப்ரலில் தொடங்கிய நீர்வழி மெட்ரோ, படகுப் பயணமே மரபான மட்டாஞ்சேரிக்கு வந்துசேர 2025 அக்டோபர் ஆயிற்று. அங்குள்ள முனையம் கட்டி முடிக்கப்படாமல் இழுபட்ட காலத்தில், மட்டாஞ்சேரிக்காரர்கள் தோப்பும்படிப் பாலங்கள் வழியாக, எல்லோரும் வரும் அதே சாலையில் எறணாகுளம் வந்தார்கள்.

வடிகாலைச் சாலைக் கணக்கிலிருந்து பிரித்து வைத்ததற்கும் நகரம் விலை கொடுத்திருக்கிறது. 2019 அக்டோபர் 21 அன்று பெய்த மழையில் எறணாகுளம் மூழ்கியது. கலூர் துணைமின்நிலையத்துக்குள் நீர் புகுந்து மின்சாரம் போனது. அன்று இடைத்தேர்தல் வாக்குப்பதிவு வேறு. மறுநாள், மாநகராட்சியைக் கலைத்துவிடக் கூடாதா என்று கேட்கும் அளவுக்கு உயர்நீதிமன்றம் கடிந்துகொண்டது. தேவர–பேரண்டூர் கால்வாய் கலூர்ப் பகுதி வழியாகத்தான் போகிறது. அது அடைபட்டால் சாலையே கால்வாயாகும் என்பது அங்கு வாழ்பவர்களுக்குப் புதிய செய்தியன்று. 2022 நவம்பரில் பனம்பிள்ளி நகரில், திறந்து கிடந்த வடிகாலில் மூன்று வயதுக் குழந்தை விழுந்து, தாயின் விரைவால் பிழைத்தது. மறுபடியும் உயர்நீதிமன்றம்; மறுபடியும் கெடு. கெடுவுக்குள் மூடிகள் வந்தன, வேலிகள் வந்தன. பணம் அப்போது மட்டும் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. கொச்சியில் தரைமட்ட வேலைகளுக்கான முன்னுரிமைப் பட்டியலைப் பல ஆண்டுகளாக நடைமுறையில் எழுதிவருவது நீதிமன்றம்தான். விபத்து நடந்த இடம் பட்டியலில் ஏறும். நடக்கவிருக்கும் இடம் காத்திருக்கும்.

இதற்கு மாற்று வழி ஏட்டில் ஏற்கெனவே இருக்கிறது. கேரளப் பெருநகரப் போக்குவரத்து ஆணையச் சட்டம் 2019-இல் இயற்றப்பட்டு, 2020 நவம்பர் 1 அன்று கொச்சிக்கான ஆணையம் தொடங்கிவைக்கப்பட்டது. பல அலுவலகங்களின் எல்லைகள் உரசும் இடங்களுக்கு ஒரே பொறுப்பாளர் என்பதே அதன் நோக்கம். ஆனால் தனக்கென்று நிதியோ போதிய பணியாளர்களோ இல்லாத ஆணையம் கூட்டம் கூட்டலாம், கடிதம் எழுதலாம். ஒரு வடிகால் மூடியைத் தூக்க அதனால் இயலாது. சென்னையும் இதே வழியில்தான் நடந்தது. ஒருங்கிணைந்த போக்குவரத்துக் குழுமத்துக்கு 2010-இலேயே சட்டம் இயற்றிவிட்டு, அதற்கு உயிர் கொடுக்கப் பத்தாண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டது.

சென்னையிடமிருந்து கொச்சி எடுத்துக்கொள்ளத்தக்கது வேறொன்று. 2014-இல் சென்னை மாநகராட்சி ஏற்ற இயந்திரமில்லாப் போக்குவரத்துக் கொள்கை, மாநகராட்சியின் போக்குவரத்து நிதியில் குறைந்தது 60 விழுக்காடு நடப்பவர்க்கும் மிதிவண்டிக்கும் செலவிடப்பட வேண்டும் என்றது. அது சென்னையின் எல்லாத் தெருக்களிலும் நிறைவேறிவிட்டதாக யாரும் நம்ப வேண்டாம். தியாகராய நகரின் பாண்டி பஜாரைப் பார்த்து மகிழ்பவர், இரண்டு தெரு தள்ளி நடந்து பார்க்கலாம். இருந்தாலும் விழுக்காடு ஒன்று எழுத்தில் இருப்பதால் ஒரு பயன் உண்டு. கூட்ட அரங்கில் எழுந்து, இந்த ஆண்டு எத்தனை விழுக்காடு என்று கேட்க ஒரு கவுன்சிலருக்கு வாய்ப்புக் கிடைக்கிறது. கொச்சியில் அக்கேள்வியைக் கேட்க இப்போது இடமே இல்லை.

அப்படி ஒரு விழுக்காட்டை வார்டுகளுக்குப் பிரிக்காமல் சந்திப்புகளுக்கென்று தனியே வைத்து, ஆணையத்தின் பொறுப்பில் விடுவதே முறை. எந்தச் சந்திப்புக்கு முதலில் என்பதை, அங்கே நின்று சாலையைக் கடக்கும் மனிதர்களை எண்ணி முடிவு செய்யட்டும். வண்டிகளை எண்ணத் தெரிந்த பொறியாளருக்கு மனிதர்களை எண்ணுவது கடினமான வேலையன்று. வார்டுப் பங்கு குறைகிறதே என்று கவுன்சிலர்கள் முணுமுணுப்பார்கள், அது இயல்பு. தெருவோர வணிகர்களை அப்புறப்படுத்துவதற்கு இது புதிய சாக்காகிவிடும் என்ற அச்சமும் நியாயமானது. 2014-ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களுக்குத் தந்துள்ள உரிமையை இத்திட்டத்தின் முதல் பக்கத்திலேயே எழுதிவிட வேண்டும். நடைபாதையை அடைப்பவர் யார் என்று எண்ணினால், பழம் விற்பவரைவிட நிறுத்தி வைத்த கார்களும் கொட்டிக் கிடக்கும் கேபிள் சுருள்களும்தான் மிகுதியாக இருக்கும்.

காலம் இப்போது கலூருக்குச் சாதகமாகவும் இருக்கிறது, பாதகமாகவும் இருக்கிறது. மெட்ரோவின் இரண்டாம் கட்டம் இங்கிருந்துதான் கிளம்புகிறது. ஜவகர்லால் நேரு விளையாட்டரங்க நிலையத்திலிருந்து காக்கநாடு இன்ஃபோபார்க் வரை 11.2 கிலோமீட்டர்; 2022 செப்டம்பரில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் தந்த மதிப்பீடு 1,957 கோடி ரூபாய். ஆசிய உட்கட்டமைப்பு முதலீட்டு வங்கியின் கடன் இதில் இருக்கிறது. தூண்களுக்காகச் சாலை நடுவே தகரத் தடுப்பு எழும்போது, ஒடுங்கிய சாலையில் வண்டிகள் முதலில் விழுங்குவது நடப்பவரின் ஓரத்தைத்தான். முதற்கட்டத்தின்போது இதை நகரம் ஆண்டுக்கணக்கில் பார்த்தது. வேலை முடிந்து தடுப்பை அகற்றிய பிறகு, எந்த அலுவலகம் எந்த ஓரத்தை எவ்வளவு அகலத்தில் திருப்பிக் கட்டும் என்பது அப்போது எழும் கடிதப் போரில் முடிவாகக் கூடாது. தூணுக்கான ஒப்பந்தத்தைப் போலவே அதுவும் தொகையோடும் நாளோடும் இப்போதே எழுதப்பட வேண்டும். அதை அடுத்த மாநகராட்சிக் கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் முதல் பொருளாக வைக்க மேயருக்கு எவருடைய அனுமதியும் தேவையில்லை. கூட்டத்தைச் செவ்வாய்க்கிழமை வைத்தால், உறுப்பினர்கள் வரும் வழியில் கலூரில் இறங்கி ஒருமுறை சாலையைக் கடந்து பார்த்துவிட்டும் வரலாம்.